போன் நம்பர் சொல்லுங்க!

துவரம்பருப்பு, பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு. மூன்றையும் ஸ்கேன் செய்துவிட்டு, கவுன்டரில் இருக்கும் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கிறார்: "போன் நம்பர் சொல்லுங்க!" நாமும் சொல்கிறோம், இரண்டிரண்டு இலக்கமாக, உரக்க. அவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறார். திரையில் பெயர் வந்ததும் அதையும் படித்து, "நீங்கதானே சார்?" என்கிறார். வரிசையில் பின்னால் நிற்பவர் நினைத்தால் நம் பெயர், நம்பர், நம் வீட்டுப் பல்பொடி மூன்றையும் குறித்துக்கொண்டு போகலாம்.

துணிக்கடையில், மருந்துக்கடையில், செருப்புக்கடையில், மூக்குக்கண்ணாடிக் கடையில், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் நோட்டில், பொருட்காட்சிப் பரிசுக் கூப்பனில் என எங்கும் இதே கேள்விதான். ஆதார் நகல் கேட்டால் இன்று பலர் ஒரு நொடி தயங்குகிறார்கள். ஜெராக்ஸின் குறுக்கே கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. ஏ.டி.எம். ரகசிய எண்ணைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். போன் நம்பரை மட்டும் கேட்பதற்கு முன்பே நீட்டுகிறோம். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி நூறு இடங்களில் சிதறிக் கிடக்கும் விவரங்களைக் கோத்து ஒரே மாலையாக்கும் நூல் அந்தப் பத்து இலக்கம்தான். ஆதாரைத் தனியார் கடைகள் கேட்கக் கூடாது என்று தடுப்பதற்குச் சட்டமும் தீர்ப்பும் இருக்கின்றன. நம்பரைத் தடுக்க நம் வாயைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பில் போட நம்பர் தேவையா? தேவையில்லை. ஜி.எஸ்.டி. விதிப்படி, பதிவு பெறாத சாதாரண வாடிக்கையாளருக்குப் போடும் பில் 50,000 ரூபாயைத் தொட்டால்தான் பெயரும் முகவரியும் கட்டாயம். போன் நம்பர் எந்தத் தொகைக்கும் கட்டாயமில்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு அறிவுரையே அனுப்பியது: நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்துவது முறையற்ற வணிக நடவடிக்கை. அறிவுரை போன வேகத்திலேயே மறந்துபோனது.

கவுன்டர் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. பல கடைகளின் பில்லிங் மென்பொருளில் நம்பர் கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. 'வேண்டாம்மா' என்று நாம் பிடிவாதமாக நின்றால், பின்னால் வரிசை முணுமுணுக்கும். அவர் ஒரு பெருமூச்சோடு ஒன்பதைப் பத்து முறை அழுத்திவிட்டு பில்லைக் கிழித்துத் தருவார். தமிழ்நாட்டுக் கடைகளின் கணக்குப்படி, பட்டுப்புடவையிலிருந்து பேதி மாத்திரை வரை அத்தனையும் வாங்கித் தள்ளும் மகா வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய நம்பர் பத்து ஒன்பது. அப்படியொரு நம்பரை நிஜமாகவே வைத்திருப்பவர் யாரோ, அவர் படும் பாடு பாவம்.

போன் ஒட்டுக்கேட்கிறதா?

"மிக்ஸி வாங்கணும்னு வீட்ல பேசிக்கிட்டிருந்தோம். அரை மணி நேரத்துல இன்ஸ்டாவுல மிக்ஸி விளம்பரம்!" இந்தக் கதை இல்லாத வீடு இல்லை. போன் ஒட்டுக்கேட்கிறது என்பது நம் காலத்தின் நாட்டுப்புற நம்பிக்கை. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கை இயக்கிப் பேச்சை அனுப்பிய செயலி ஒன்றுகூடச் சிக்கவில்லை. திரையில் நாம் செய்வதைப் படம் பிடித்து வெளியே அனுப்பிய சில செயலிகள் சிக்கின என்பது தனிக்கதை.

மைக் தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். வழி வேறு, அதுவும் வெளிப்படையானது. கடை தன்னிடம் சேர்ந்த நம்பர்ப் பட்டியலை அப்படியே பேஸ்புக்கின் விளம்பரப் பகுதியில் ஏற்றலாம். 'இவர்கள் என் வாடிக்கையாளர்கள், இவர்களுக்கும் இவர்களைப் போன்றவர்களுக்கும் என் விளம்பரத்தைக் காட்டு' என்று கேட்கலாம். பேஸ்புக் இந்த வசதியை 2012இல் தொடங்கியது. கூகுளும் பின்னர் தன் பங்குக்குக் கொண்டுவந்தது. நாம் காலையில் கடையில் சொன்ன நம்பரும், என்றோ பேஸ்புக்குக்கோ வாட்ஸ்அப்புக்கோ கொடுத்த நம்பரும் ஒன்றுதானே? அங்கே முடிச்சு விழுகிறது. ரொக்கம் கொடுத்து வாங்கிய பொருள்கூட இப்படித்தான் இணையத்துக்குள் வந்து சேர்கிறது.

'நம்பரை நாங்கள் பார்ப்பதே இல்லை, அதைக் குறியீடாக மாற்றித்தான் ஒப்பிடுகிறோம்' என்பது நிறுவனங்களின் பதில். உண்மைதான். பத்து இலக்கமும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு புரியாத சரமாக மாற்றப்படும். குறியீட்டிலிருந்து நம்பரைத் திரும்பக் கணக்கிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் ஒரே நம்பர் எப்போதும் ஒரே சரமாகத்தான் மாறும். இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என நான்கு இலக்கங்களில்தான் தொடங்கும். ஆக மொத்தம் இருக்கக்கூடியது 400 கோடி எண்கள். அத்தனையையும் குறியீடாக்கி அட்டவணை போட்டு வைப்பது இன்றைய கணினிக்குச் சில நிமிட வேலை. பூட்டு நல்ல பூட்டுதான், சாவிக்கொத்து வாசலிலேயே தொங்குகிறது.

பாதுகாப்புக்கென்று கேட்டு வாங்கிய நம்பரையும் விட்டுவைக்கவில்லை. கணக்கை யாரும் திருடாமல் இருக்க 'டூ ஃபேக்டர்' சரிபார்ப்புக்காகப் பயனர்கள் கொடுத்த நம்பர்களை பேஸ்புக் விளம்பரத்துக்கும் பயன்படுத்தியது. 2019இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தபோது சொன்ன குற்றங்களில் இதுவும் ஒன்று. அதே காரியத்துக்காக 2022இல் ட்விட்டர் 15 கோடி டாலர் கட்டியது.

ஏன் நம்பர்? மின்னஞ்சல் முகவரி நம்மில் பலருக்கு நினைவே இருக்காது. வீடு மாறும், வேலை மாறும். நம்பர் மாறுவதில்லை. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நம்பர் மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி வந்த பிறகு, மாற்ற வேண்டிய முக்கியக் காரணமும் போய்விட்டது. பிறகு வங்கி, ஆதார், காஸ், ரேஷன், பள்ளிக்கூடம், யு.பி.ஐ., அத்தனையும் அதில் வந்து ஒட்டிக்கொண்டன. நம்பரை மாற்றுவது இன்று ஊரை மாற்றுவதைவிடக் கடினம்.

அவர் நம்பரைச் சொல்லிடுங்க

பெண்கள் விஷயத்தில் இந்தக் கதை இன்னும் ஒரு சுற்று சுற்றுகிறது. 2017இல் உத்தரப் பிரதேசத்தில் சில ரீசார்ஜ் கடைகள் பெண்களின் நம்பர்களை 50 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை, தோற்றத்துக்கேற்ப விலை வைத்து விற்றதை 'இந்துஸ்தான் டைம்ஸ்' நாளிதழ் அம்பலப்படுத்தியது. செய்தி வடக்கில் வந்தாலும் பயம் எல்லா ஊருக்கும் பொது. ரீசார்ஜ் கடையில் நம்பர் சொல்லிவிட்டு வந்த பெண்ணுக்கு அன்று இரவே 'ஹாய்' வருவது நம் ஊர்க் கல்லூரி விடுதிகளிலும் பழங்கதை.

அதனால் நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்த வழி, அப்பா நம்பரைச் சொல்வது. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் நம்பர். கடைக்காரரிடமிருந்து தப்பித்தாயிற்று. ஆனால் 'தங்கள் கொள்முதலுக்கு நன்றி' என்ற எஸ்.எம்.எஸ். போகும் இடம் எது? மருந்துக்கடையில் அவள் வாங்கியது கர்ப்பப் பரிசோதனை அட்டையாக இருக்கலாம், கருத்தடை மாத்திரையாக இருக்கலாம், தூக்கமின்மைக்கு டாக்டர் எழுதித் தந்த மாத்திரையாக இருக்கலாம். பில்லின் இணைப்போடு அது கணவரின் போனில் போய் நிற்கிறது. ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட்டும் அப்படியே. கண்காணிப்பு என்றதும் நமக்கு டெல்லியும் கலிபோர்னியாவும் நினைவுக்கு வருகின்றன. நம் ஊரில் அது வீட்டுக் கூடத்தில் சார்ஜரில் கிடக்கும் போனில் நடக்கிறது. யாரும் சதி செய்யவில்லை. எட்டு சதவீதத் தள்ளுபடிக்காக ஒரு நம்பர் சொன்னோம், அவ்வளவுதான்.

மருந்துக்கடைப் பட்டியலுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆஸ்பத்திரிக் கோப்பைப் போல அதில் நோயின் பெயர் எழுதியிருக்காது, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. மெட்ஃபார்மின் வாங்குகிறவருக்குச் சர்க்கரை நோய் என்று எல்லோருக்கும் தெரியும். மாதா மாதம் ஒரே தேதியில் வாங்குகிறாரா, இரண்டு மாதம் விட்டுவிட்டாரா, மருந்தின் அளவு கூடியிருக்கிறதா என்பதையெல்லாம் மருத்துவரைவிடத் துல்லியமாக அந்தப் பட்டியல் சொல்லும். அது அடுத்து யார் கைக்குப் போகும் என்பதை பில்லின் பின்பக்கம் சொல்வதில்லை.

கசிந்த பிறகு

போகக் கூடாத கைகளுக்குப் போனதற்கு உதாரணம் தேட வெளியூர் போக வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் சாட்பாட் வழியாக யார் கேட்டாலும் கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெயர், போன் நம்பர், முகவரி, அடையாள அட்டை நகல் மட்டுமல்ல, ரத்தப் பரிசோதனை முடிவும் நோய் விவரமும் அதில் இருந்தன. 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார் ஹேக்கர். நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய் டெலிகிராம் மீதும் அந்த ஹேக்கர் மீதும் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை வாங்கியது. தடை வருவதற்குள் யார் யார் இறக்கிக்கொண்டார்களோ, அதற்கு எந்த நீதிமன்றமும் தடை போட முடியாது.

அதற்கு முன்பு, 2021 ஜூனில், தமிழக ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர் தளம் ஒன்றில் கிடப்பதை பெங்களூரைச் சேர்ந்த இணையப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. ஆதார் எண், போன் நம்பர், குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பது வரை அதில் இருந்தது. 2023 ஜூனில் கோவின் விவகாரம். டெலிகிராமில் ஒரு பாட்டிடம் போன் நம்பரைக் கொடுத்தால் போதும். கொரோனா தடுப்பூசிக்காக அந்த நம்பரில் பதிந்த எல்லோருடைய பெயரும், பிறந்த தேதியும், காட்டிய அடையாள அட்டையின் எண்ணும், ஊசி போட்ட இடமும் வந்து விழுந்தன. கோவின் தளம் உடைக்கப்படவில்லை என்று மத்திய அரசு மறுத்தது. உடைத்தார்களோ, ஓரமாகக் கசிந்ததோ, பார்க்க வேண்டிய விஷயம் வேறு: உள்ளே போடப் பெயர்கூட வேண்டியிருக்கவில்லை, போன் நம்பர் போதுமாக இருந்தது.

இப்படிக் கசிந்த பட்டியல்களைத் தனித்தனியே பார்த்தால் பெரிய ஆபத்து தெரியாது. ஒன்றில் முகவரி, ஒன்றில் நோய், ஒன்றில் மருமகள் பெயர். மூன்றிலும் பொதுவாக இருப்பது நம்பர். மூன்றையும் அடுக்கினால், 'நாங்க மும்பை போலீஸ் பேசறோம், உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு' என்று தொடங்குகிற ஆள் நம் வீட்டு முகவரியைத் தடுமாறாமல் சொல்வார். 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் பேராசிரியர்களும் எப்படி ஏமாந்தார்கள் என்று கேலி செய்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எதிர்முனையில் பேசுகிறவர் அவ்வளவு தெரிந்து வைத்திருந்தால், போலீஸ் இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும் என்றுதானே தோன்றும்? சில சமயம் பேச்சும் நல்ல தமிழில் இருக்கும். வேலை என்று நம்பி மியான்மரின் மோசடிக் கூடாரங்களில் போய்ச் சிக்கி, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டு, 2022இல் மீட்டு வரப்பட்ட தமிழக இளைஞர்களை மறந்திருக்க மாட்டோம்.

நாம் யாரிடமும் நம்பர் சொல்லாமல் வாழ்ந்தாலும் தப்ப முடியாது என்பதைக் காட்டியவை கடன் செயலிகள். கடன் வாங்கியவர் போனிலுள்ள தொடர்பு எண்கள் அத்தனையும் செயலியின் கைக்குப் போகும். தவணை தவறினால் மாமனாருக்கும், மேலதிகாரிக்கும், பால்காரருக்கும் போன் பறக்கும். மார்ஃபிங் செய்த படங்களும் போகும். 2020 கடைசியில் தெலங்கானாவிலும் இங்கேயும் உயிர்கள் போயின. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப் பிரிவு பெங்களூரில் இரண்டு சீனர்களைக் கைது செய்தது. 2022 செப்டம்பரில்தான் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என்று வரையறுத்தது. வரையறைக்குக் கட்டுப்படுவது பதிவு பெற்ற நிறுவனம். மிரட்டுகிறவன் எங்கே பதிவு பெற்றான்?

வாக்கு கேட்கும் கைகள்

அரசியல் கட்சிகளுக்கு நம்பரின் அருமை கடைக்காரர்களைவிட நன்றாகத் தெரியும். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது புதுச்சேரியில் வாக்காளர்களுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது; அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் அவரவர் வாக்குச்சாவடிக்கான பா.ஜ.க. வாட்ஸ்அப் குழுவுக்குள் போகலாம். ஆதாரோடு இணைத்த நம்பருக்கு மட்டுமே இந்தச் செய்தி வந்தது என்று புகார் எழுந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கட்சித் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் வாங்கிய நம்பர்கள் என்றது பா.ஜ.க. நீதிமன்றம் புகாரை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்தல் ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றது.

2025 ஜூலையில் தி.மு.க. 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கையை நடத்தியபோது, வாசலில் வந்து நின்ற தொண்டர்கள் நம்பரோடு ஓ.டி.பி.யும் கேட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓ.டி.பி. சரிபார்ப்புக்கு இடைக்காலத் தடை போட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. 'ஓ.டி.பி.யை யாரிடமும் பகிராதீர்கள்' என்று ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் வங்கிகள் கத்திக்கொண்டிருக்கும் நாட்டில், ஆளுங்கட்சியே வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை. எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால், அடுத்து வந்து கேட்பவன் தொண்டனா திருடனா என்று பாட்டிக்கு எப்படித் தெரியும்?

நக்கீரனிலிருந்து புட்டசாமி வரை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற வாதத்துக்கு இந்தியச் சட்டத்தில் ஒரு சென்னை முகவரி உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிட முனைந்ததும், சிறைத்துறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, பத்திரிகையை முன்கூட்டித் தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்று சொன்னதோடு, தனிமனிதர் தன் குடும்பம், திருமணம் போன்றவற்றை ஊர்ப்பார்வையிலிருந்து காத்துக்கொள்ளும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவிலேயே அடங்கியிருக்கிறது என்றும் சொன்னது. பிறகு ஆதார் வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, 86 வயதில், அதை எதிர்த்து 2012இல் வழக்குப் போட்டார். 'அப்படியொரு அடிப்படை உரிமையே இல்லை' என்று மத்திய அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், உண்டு என்றார்கள். 2018 தீர்ப்பு, சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதார் கட்டாயம் என்பதை நீக்கியது. புட்டசாமி 2024இல் 98 வயதில் காலமானார்.

அந்த உரிமைக்கு உடல் கொடுக்க வந்ததுதான் 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே. சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு வருகிறது, அதுவும் மருந்துக்கடை! வாடிக்கையாளர் தானாக முன்வந்து, ரசீதை போனுக்கு அனுப்பச் சொல்லி நம்பர் தந்தால், ரசீது அனுப்புவதற்காகக் கடை அதைப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால், சம்மதம் வாங்க வேண்டும். எதற்கு என்று விளக்க வேண்டும். கேட்டால் அந்த விளக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். நல்ல சட்டம்தானே என்று தோன்றும்.

சற்றுப் புரட்டிப் பார்த்தால் அரசாங்கம் தனக்குத் தேவையான துறைகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கைவைத்து, 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரே காரணத்தால் அதிகாரிகள் பதில் மறுக்க இடம் தந்திருக்கிறது. விவரங்களைப் பத்திரமாக வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் அந்தப் பணம் போவது அரசின் கஜானாவுக்கு. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. நம் நோய் ஊரெல்லாம் தெரிந்தால் அரசுக்கு வருமானம். நமக்கு மன உளைச்சல் மட்டும். பொய்யான புகார் கொடுத்தால் நமக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, அதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

சட்டம் முழுதாக வரும் வரை செய்யக்கூடியது எளிமையானது. "நம்பர் வேண்டாம், பேப்பர் பில் போதும்" என்று சொல்லிவிட்டு நிற்கலாம். பில் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைகளுக்கென்று தனியே ஒரு சிம் வைத்துக்கொள்வது பலருக்கு ஒத்துவருகிறது. அதற்கு மாதச் செலவு உண்டே என்றால், உண்டுதான்.

ஆனால் அந்தச் சிம்மை ஒருநாள் கைவிடும்போது இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. துண்டிக்கப்பட்ட நம்பர், குறைந்தது 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்குப் போகலாம். புதுச் சிம் வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் நகைச்சீட்டுத் தவணை, அவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், சர்க்கரைப் பரிசோதனை முடிவு எல்லாம் இவர்கள் போனில் வந்து கொண்டிருக்கும். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இது வழக்காக வந்தபோது, பழைய நம்பரோடு இணைந்த வாட்ஸ்அப் போன்ற கணக்குகளை அழிக்க வேண்டியது பயனரின் பொறுப்பு என்றே முடிந்தது.

கடைகளின் பட்டியலிலிருந்து அழிக்க வேண்டியது யார் பொறுப்பு? புதிய விதிகளின்படி, 2 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள இணைய வணிகத் தளங்களும் சமூக ஊடகங்களும், மூன்று ஆண்டுகள் எட்டிப் பார்க்காதவரின் விவரங்களை அழித்தாக வேண்டும். தெருமுனைத் துணிக்கடைக்கு அப்படி ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லை; நோக்கம் நிறைவேறியதும் அழித்துவிட வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறது சட்டம். ஆடித் தள்ளுபடிக்கு அழைப்பதுதான் நோக்கம் என்று கடைக்காரர் சொல்வார். ஆடி வருடா வருடம் வரும்.